மழைக்கு நிற்காத ஆட்டம்

சங்கத்து இணைய வானொலியின் ஆண்டறிக்கை, பதினேழாம் பக்கத்தில் இப்படிச் சொல்கிறது: "திருமதி லோகேஸ்வரி. தன்னார்வலர், உபசரிப்புப் பிரிவு. நிலையத்துக்கு வரும் விருந்தினர்களுக்குத் தேநீர், பலகாரம் ஏற்பாடு செய்பவர். அமைதியும் பணிவும் மிக்கவர். ஒலிபரப்பில் பங்கு கொள்வதில்லை."

இதில் தேநீர் உண்மை. அதிலும் யாருக்கு எத்தனை கரண்டிச் சீனி என்று அவள் கேட்பதில்லை. ஆளைப் பார்த்து அவளே முடிவு செய்வாள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் குணாளனுக்கு இரண்டு வருடமாகச் சீனி போடவில்லை. அறிக்கையை எழுதியவர் அவர்தான். அவள் பேச ஆரம்பித்தாலே அவர் கைத்தொலைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார் என்பதால், அவளுடைய அமைதி அவருக்கு நேரடி அனுபவமாகவே இருந்திருக்கக்கூடும்.

லோகேஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. உள்ளங்கை அளவு மின்சுற்றுப் பலகையில் நூற்றுச் சொச்சம் ஈயப் பொட்டுகள் இருக்கும். எந்தப் பொட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்பதை அடுத்த ஷிப்டுக்காரிக்கு, இயந்திர இரைச்சலுக்கு நடுவே, கையுறை போட்ட கையால் தொட்டுக் காட்டாமல், வாயால் மட்டுமே சொல்ல வேண்டும். அந்த வாயோடு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தங்கராஜுவுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தேழு வருடம். தங்கராஜு கேரம் ஆடுபவர். கூட்டாளி ஷேக் அலாவுதீன், அதே புளோக்கு, நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர். இரட்டையர் ஆட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பதினெட்டு வருடம் ஆடியவர்கள். சங்கப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு மட்டும் போனதில்லை. இந்த வருடம் போனார்கள்.

போனதும் சங்கம் தேதியை மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டியது சனிக்கிழமைக்கு வந்தது, ஞாயிறன்று செபராங் ஜெயா மண்டபத்தை ஒரு கல்யாண விருந்துக்கு விட்டுவிட்டார்களாம். தங்கராஜுவுக்குச் செவ்வாய், வியாழன், சனி மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை டயாலிசிஸ். ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அதைச் சங்கத்தின் வசதிக்காக ஒத்திப்போட முடியாது. வேறு நாளுக்குக் கட்டிலை மாற்றித் தரச் சொல்லி லோகேஸ்வரி கேட்டுப் பார்த்தாள். எல்லாக் கட்டிலிலும் ஆள்.

"கால்பந்துக்குத் தேதி மாத்துவீங்களா சார்?" என்று சங்கக் கூட்டத்தில் குணாளனிடம் கேட்டாள்.

"அது விளையாட்டு அக்கா. திடல், நடுவரு, ரெண்டு டீமு எல்லாம் இருக்கு. இது கேரம்தானே. அலாவுதீன் அண்ணே வேற ஆளோட ஆடிக்கட்டும்."

தங்கராஜுவின் இடத்தில் சிவநேசன் என்ற லாரி ஓட்டுநரைப் போட்டார்கள். லோகேஸ்வரி வீட்டுக்கு வந்து சட்டியைக் கழுவிய சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. தங்கராஜு ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். குறைத்து விட்டுப் படத்தையும் பார்க்கவில்லை. அவள் அங்கேயே நின்று சொன்னாள்: "போகத்தானே முடியாது? கேப்பீங்க. நான் கேக்க வெக்கிறேன்."

சனிக்கிழமை நான்கு மணிக்கு வானொலியில் 'விளையாட்டு அரங்கம்'. அதில் கேரம் இறுதியாட்டத்தை நேர்முக வர்ணனையாகச் சொல்ல அனுமதி கேட்டாள். குணாளன் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னுக்குப் போனது.

"உட்கார்ந்துக்கிட்டு ஆடறதெல்லாம் விளையாட்டா அக்கா?"

"குதிரைப் பந்தயக்காரன் நின்னுக்கிட்டா போறான்? டிராகன் படகு வலிக்கிறவன்?"

"அவங்களுக்கு வேர்க்குதுல்ல?"

"வேர்க்கறதுதான் கணக்குன்னா ரொட்டி சானாய் அடிக்கிறவருக்குக் கோப்பையக் குடுத்துட்டு எல்லாரும் வீட்டுக்குப் போலாம் லா. நீங்க கோல்ஃபுக்குப் போறீங்களே, வண்டியில உட்கார்ந்து, ஒருத்தர் குடை பிடிக்க. அங்க யாருக்கு வேர்க்குது? குடை பிடிக்கிறவருக்கு."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். குணாளனுக்குச் சிரிப்பு நின்றது. விளையாட்டா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வானொலிக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும் என்றார். வேகம் வேண்டும், கூட்டம் கத்த வேண்டும். கேரத்தில் ஒருவர் குறி பார்க்கவே அரை நிமிடம் ஆகும். பன்னிரண்டு விநாடி சத்தம் இல்லாவிட்டால் நிலையத்துக் கணினி தானாகவே பாட்டைப் போட்டுவிடும்.

"போன மாசம் பேட்மிண்டன் சொன்னீங்களே சார். நீங்க 'அடித்தார்'னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்து நாலு வாட்டி போய்ட்டு வந்துருச்சு. யாரு ஜெயிச்சான்னு மறுநாள் பேப்பர் பாத்துத்தான் தெரிஞ்சிது. வாய்க்கு நேரம் குடுக்கிற ஆட்டம்தான் ரேடியோக்கு ஆட்டம்."

அவர் ஒரு பதிவு கொண்டுவரச் சொன்னார். கொடுத்த அவகாசம் இரண்டு நாள். அவள் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லிப் பதிவு செய்து கொண்டுபோனாள். அடுத்த கூட்டத்தில் அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டார். "வலது பக்கக் குழியில் வெள்ளை... இடது பக்கம் கறுப்பு... இப்போது வலது பக்கம்..." இரண்டு நிமிடம் கழித்து நிறுத்தி, எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "எந்த வலது?"

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தவறான ஆள் சரியான கேள்வி கேட்பதைவிட எரிச்சலான விஷயம் உலகத்தில் குறைவு.

வீட்டில் தங்கராஜு பதிவை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் அதையே சொன்னார்.

"நாலு பேரு நாலு பக்கம் உக்காந்திருக்கோம். நாலு பேருக்கும் நாலு வலது. நாங்க என்னைக்கு வலது இடதுன்னு பேசிருக்கோம் லோகா?"

பேசியதில்லை. கீழ்த்தளத்து மேசை இருபது வருடமாகத் தரையில் ஆணியடித்தது போல ஒரே இடத்தில் கிடக்கிறது. அதன் நான்கு குழிகளுக்கும் எதிரே இருப்பதே பெயர்: மார்க்கெட், லிஃப்டு, கோயில், குப்பைத்தொட்டி. 'சிவப்பைக் குப்பையில போடு', 'கோயிலுக்கு விடாதே' என்று இரவெல்லாம் கத்துவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ மதச் சண்டை என்று பயந்ததும் உண்டு. அத்தனை வருடமும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சு. வானொலிக்குத் தூய தமிழ் வேண்டும் என்று அதை விட்டுவிட்டு வலது இடது என்று சொல்லியிருக்கிறாள். தன் மேலேயே கோபம் வந்தது. அது மற்றக் கோபங்களோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

"நீங்களாவது சொல்லுங்க. கேரம் விளையாட்டா இல்லியா?"

"இல்ல" என்றார் தங்கராஜு. "விளையாட்டுன்னு ஆயிட்டா பயிற்சிம்பான், காலையில அஞ்சு மணிக்கு எழுப்புவான். இது கெட்ட பழக்கம். அப்படியே இருக்கட்டும்."

அனுமதி கிடைக்கவில்லை. சனிக்கிழமை நேரம் செபராங் ஜெயா திடலில் நடக்கும் கால்பந்துக்குப் போனது, வர்ணனை குணாளன். லோகேஸ்வரி கணவரை இரண்டு மணிக்கு டயாலிசிஸ் கட்டிலில் விட்டாள். அவர் காதில் இயர்போனை மாட்டி, கைத்தொலைபேசியில் வானொலியைத் திறந்து வைத்தாள்.

"கால்பந்தா கேக்கச் சொல்ற?"

"தொறந்தே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் கடல் பாலத்தைத் தாண்டிச் செபராங் ஜெயாவுக்குப் போனாள். எப்படிச் செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

மண்டபத்தில் நடுவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: ஆட்டம் நடக்கும்போது யாராவது வாயைத் திறந்தால் வெளியே. முதல் ஆட்டத்தை அலாவுதீன் பக்கம் எடுத்தது. இரண்டாவதைச் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த இருவர் எடுத்தார்கள். மூன்றாவதற்குக் காய்களை அடுக்கும்போது மழை வந்தது. சாதாரண மழை இல்லை. மண்டபத்தின் தகரக் கூரையில் யாரோ ஜல்லி கொட்டுவது போன்ற மழை. திடலில் கால்பந்து நின்றது. பந்து மிதக்கிறது என்றார்கள்.

நான்கு மணி மூன்று நிமிடத்துக்கு அவள் நிலையத்துக்கு அழைத்தாள். ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரமிளா எடுத்தாள்.

"பிரமிளா, என்ன போகுது இப்ப?"

"சார் பாட்டுப் போடச் சொன்னாருக்கா. திடல்ல தண்ணி."

"பாட்டு வேணாம். என் லைனப் போடு."

"அக்கா, சார் கேரம் விளையாட்டு இல்லன்னு..."

"இருபத்திரண்டு பேரு மழையில நனையாம ஓடிப்போய் நிக்கிறானுங்க பாரு, அது விளையாட்டு. இங்க நாலு பேரு நிறுத்தாம ஆடறாங்க. இது விளையாட்டு இல்ல. சரி லா, இல்லன்னே வெச்சுக்க. போடு."

பிரமிளா சொன்னாள்: "இருமாதீங்கக்கா. பாட்டு இறங்குது. பேசுங்க."

மழையில் ஒரு விசித்திரம் இருந்தது. காய் குழியில் விழும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அவள் பேசுவதும் மண்டபத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மழை இல்லாதிருந்தால் முதல் வாக்கியத்திலேயே நடுவர் அவளை வெளியே அனுப்பியிருப்பார். மேசைக்கு மூன்றடி தள்ளி, தொலைபேசியை வாயோடு ஒட்டிவைத்து, தொழிற்சாலைக் குரலில் ஆரம்பித்தாள்:

"ஜெலுத்தோங் கீழ்த்தளத்து மேசைன்னு நெனச்சுக்குங்க. அலாவுதீன் அண்ணே லிஃப்டுக்கும் கோயிலுக்கும் நடுவுல உக்காந்திருக்காரு. எதிர்ல சிவநேசன், மார்க்கெட்டுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவுல. நாம கறுப்பு..."

'நாம' என்றது வர்ணனை ஒழுங்குக்கு விரோதம். அவள் கவனிக்கவில்லை. கணினிக்குப் பன்னிரண்டு விநாடி எங்கேயும் கிடைக்கவில்லை; மூன்று விநாடிகூடக் கிடைக்கவில்லை. குறி பார்க்கும் அரை நிமிடத்தில் பலகை முழுவதையும் காய் காயாகச் சொன்னாள். எந்தக் காய் எதற்கு முன்னால் நிற்கிறது, எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, சிவநேசன் விரலை எந்தப் பக்கம் சாய்க்கிறார். நிலையத்தில் குணாளனின் அழைப்பு ஆறு முறை வந்தது. பிரமிளா அந்தத் தொலைபேசியின் மேல் துண்டைப் போட்டாள்.

மூன்றாம் ஆட்டத்தின் கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமம். கறுப்பு ஒன்று, வெள்ளை இரண்டு, சிவப்பு. அலாவுதீன் சிவப்பைக் குப்பைத்தொட்டியில் இறக்கினார். உடனே கறுப்பையும் போட்டால்தான் சிவப்பு கணக்கில் நிற்கும்.

"கறுப்பு மார்க்கெட்டு வாசல்ல நிக்கிது. ஆனா அதுக்கு முன்னால ரெண்டு வெள்ளையும் காவக்காரன் மாதிரி. கோயிலுக்கு வழி தொறந்து கெடக்குது. அண்ணே மார்க்கெட்டத்தான் பாக்கிறாரு. அண்ணே, கோயிலு... அடிச்சிட்டாரு. வெள்ளை விழுந்திருச்சு. கறுப்பு நிக்கிது."

சிவப்பு மறுபடி நடுவில் வைக்கப்பட்டது. சுங்கை பாக்காப்புக்காரர் அதைக் கோயிலில் போட்டார், அடுத்த அடியில் மிச்சமிருந்த வெள்ளையையும். முடிந்தது. தோற்றதை அவள் தோற்றது என்றே சொன்னாள், யாருடைய மனசையும் பார்க்காமல்.

ஐந்து இருபத்தைந்துக்கு அவளுடைய தொலைபேசி அடித்தது.

"கோயிலுக்கு அடிச்சிருக்கணும்!" தங்கராஜு கத்தினார். "மார்க்கெட்டு முன்னால ரெண்டு வெள்ளை நிக்கிதுன்னு நீதானே சொன்ன?"

"நாந்தான் சொன்னேன்."

"இங்க படுத்திருக்கிற எனக்குத் தெரியுது, அங்க உக்காந்திருக்கிற மடையனுக்குத் தெரியலியா? போனக் குடு அவன்ட்ட!"

பின்னால் தாதியின் குரல்: "அங்கள், பிரஷர் ஏறுது, கத்தாதீங்க." அதற்கும் பின்னால் பக்கத்துக் கட்டில்காரர் யாரோ, இல்லை, மார்க்கெட்டுதான் சரி, விரல்தான் தப்பு என்று வாதாடுவது கேட்டது. லோகேஸ்வரி தொலைபேசியை அலாவுதீனிடம் நீட்டினாள். அவர் அதைக் காதிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சரிப்பா, சரிப்பா" என்று பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் குணாளன், அனுமதி யார் கொடுத்தது என்று கேட்டார். மழை கொடுத்தது என்றாள். அதைக் குறிப்பில் எழுத முடியாது என்றார். எழுதாதீங்க என்றாள். அன்றைக்கும் அவர் தேநீரில் சீனி இல்லை.

புதிய ஆண்டறிக்கை வந்துவிட்டது. "மழை காரணமாகக் கால்பந்து ரத்து, இடைவெளியில் பொழுதுபோக்கு அம்சம் ஒலியேறியது" என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. பதினேழாம் பக்கம் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்திலிருந்து ஐந்து மணி பதினெட்டு நிமிடம் வரை, கேரம் இரட்டையர் இறுதியாட்டத்தின் மூன்றாம் ஆட்டத்தை லோகேஸ்வரி வானொலியில் சொன்னாள். ஒரு காயையும் விடவில்லை.