டேட்டாவை அணைத்து வைத்த நாள்

கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில், ஊரிகம் ஸ்டேஷனில் வண்டி ஏறி, தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன் நான். செல்போன் டேட்டா விஷயத்தில் மகா கஞ்சன். வண்டி கிளம்பியதும் அதை அணைத்துவிட்டால், சாயங்காலம் பெங்களூர் ஸ்டேஷனின் இலவச வைஃபை கிடைக்கும்வரை தொடமாட்டேன். பிளாட்பாரத்தில் நின்று, வழியில் பார்க்க வேண்டிய சினிமா, செய்தி எல்லாவற்றையும் ஓசியில் இறக்கிக்கொள்வேன். கூட வருகிறவர்கள், இன்னாபா, ஸ்டேஷனையே உறிஞ்சிட்டியா என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் வீட்டில் கெட்ட சேதியைப் போன் அடித்துச் சொல்லும் வழக்கம் இல்லை. நைனா சுரங்கத்தில் வேலையில் இருந்த காலத்தில், ஷிஃப்ட் நேரத்துக்குச் சங்கு ஊதும். நேரம் தப்பி ஊதினால் கீழே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஆட்கள் சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். அம்மாவும் ஓடியிருக்கிறாள். அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவே இல்லை. வேளை கெட்ட வேளையில் மணி அடித்தால் பிள்ளைக்குக் குலை நடுங்கிப்போகும் என்று, எதையும் வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்புவாள்.

சுரங்கத் தூசி நைனாவின் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அவருடைய இருமலும் இளைப்பும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. அன்று காலையில் தூங்குகிறாரே என்று சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் வைஃபையைப் போட்டதும் அம்மாவின் குரல் செய்திகள் மூன்று வந்து விழுந்தன. முதலாவது காலையில் அனுப்பியது. நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது, பயப்படாதே, லீவு சொல்லிவிட்டு வா என்றாள். இரண்டாவது, மதியம் கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து. நைனா வாசலையே பார்த்துக்கொண்டு, கிளம்பிட்டானா, கிளம்பிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். மூன்றாவது சின்னது.

"மெதுவாவே வா பா. இனிமே அவசரம் இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் செய்தியைக் காலையிலேயே கேட்டிருந்தால், பஸ்ஸைப் பிடித்து மதியத்துக்குள் கோலார் போய்ச் சேர்ந்திருப்பேன். அவர் கண்ணில் பட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான், வேலை செய்கிற இடத்தில் சிக்னல் இல்லை என்று சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு ஒருநாள், சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"போனே அடிச்சிருக்கணும். நீ பயந்துடுவேன்னு பாத்தேன். நான்தான் பா, அவரு மொகத்த நீ பாக்காம பண்ணிட்டேன்."

அன்றைக்கு சிக்னலும் இருந்தது, டேட்டாவும் தொடாமல் அப்படியே இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் அழுதுகொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"பரவால்ல, வுடும்மா" என்றேன்.