அரிசி வாளிக்குள் ஆறு கிளாஸ்

இன்று மத்தியானம் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலிருந்து மருமகனின் கரவன் என்ற வீட்டுவண்டியில் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம்.

புறப்படும்போதே மருமகன் சட்டம் போட்டுவிட்டார். "மாமி, கரவனுக்குள்ளை பிளாஸ்டிக் கப் மட்டும்தான். குலுக்கத்திலை கண்ணாடிச் சாமான் ஒண்டும் தப்பாது."

நான் கன்னியர் மடத்தில் படித்தவள். பிளாஸ்டிக்கில் தண்ணீர் குடிக்க மாட்டேன். என் கணவர் பார்த்துப் பார்த்து வாங்கிய ஆறு கிளாஸ்களையும் எடுத்து வெளியே வைத்தேன்.

"ஒண்டு உடைஞ்சாலும் நீங்களும் பிளாஸ்டிக்தான், மாமி."

"ஓம்," என்றேன்.

பயணத்துக்கு அரிசி எப்படியும் கொண்டுபோகத்தான் வேண்டும். மூடியுள்ள பெரிய வாளியில் பாதி அரிசியைப் போட்டு, கிளாஸ்களை ஒன்றோடொன்று முட்டாமல் நிறுத்தி, உள்ளேயும் இடையிலும் மிச்ச அரிசியைக் கொட்டினேன். வாளியைத் தரையில், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் இறுக்கி வைத்தேன்.

இங்கே வந்ததும் எல்லோர் முன்னாலும் திறந்தேன். ஆறிலும் ஒரு கீறல் கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து மகள் மேல் அலுமாரியைத் திறந்தாள். துவாயில் சுற்றிய ஒரு பியர் கிளாஸ், நாலு துண்டாக இருந்தது.

"இது ஆற்றை கிளாஸ்?" என்று கேட்டேன்.

மகள் புருஷனைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

பிறகு, "மாமி, உங்கடையிலை ஒண்டு தருவியளோ?" என்றார்.

கொடுத்தேன். கழுவி, ஈரமில்லாமல் துடைத்துத் திரும்ப அரிசிக்குள் வைப்பது அவர் பொறுப்பு. அதற்கு முன் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

பிளாஸ்டிக் கப்போடு பயணம் போகிறவர்கள் உங்கள் நியாயத்தைக் கீழே எழுதலாம். கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் குடித்தபடி வாசிக்கிறேன்.