ரீசைக்கிள் பெட்டியில் போட்ட சட்டை என் வீட்டுக்குப் பின்னால் எரிந்தது!

இன்று காலை கம்பெனி கேட்டில் என்னை நிறுத்தி வைத்துவிட்டார்கள்!

குற்றம்? கம்பெனி சட்டையைக் கம்பெனிக்குள் கொண்டு போனது. (சிரிக்காதீர்கள், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.)

ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. வருடா வருடம் புது யூனிஃபார்ம் தருவார்கள். பழசைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு.

இந்த முறை கேன்டீன் வாசலில் பச்சைப் பெட்டி வைத்து, 'ரீசைக்கிள்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டி, போடுகிற ஒவ்வொருவரையும் போட்டோ வேறு எடுத்தார்கள்! நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நேற்று சாயங்காலம் வல்லம் வடகாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே புகை. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம்.

என் பொண்ணுக்கு வீசிங் உண்டு. உடனே இழுக்க ஆரம்பித்துவிட்டது. நெபுலைசரை மாட்டி, மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

பள்ளத்தில் ஒருவர் மூட்டை மூட்டையாகக் கொட்டி எரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ்! இன்னாயா கொளுத்திகினு கீற? வூட்ல கொயந்த மூச்சு வுட முடியாம கெடக்குது!"

"என்னாண்ட கத்தாதம்மா. காண்ட்ராக்டர் எரிக்கச் சொன்னாரு. கம்பெனித் துணி."

குச்சியால் கிளறினேன். எங்கள் நீலச் சட்டைகள், பாலியஸ்டர் பேன்ட்டுகள்! பாதி கருகிய ஒரு சட்டையில் சிவப்பு நூலில் தைத்த பட்டன். நீல நூல் தீர்ந்துபோன அன்று நானே தைத்தது.

என் சட்டையேதான்!

அவரை விடாமல் தண்ணீர் ஊற்றி அணைக்க வைத்தேன். என் சட்டையையும் எரியாத ஒரு மூட்டையையும் தூக்கி வந்தேன். பொண்ணுக்கு மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

காலையில் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் கை நீட்டினார்.

"மூட்டைக்கு கேட் பாஸ் இருக்காம்மா?"

"இது கம்பெனித் துணிதாண்ணா!"

"இருக்கட்டும்மா. வெளிய இருந்து எது வந்தாலும் பாஸ் வோணும். யூனிஃபார்ம் போட்ட ஆளு மட்டும் உள்ள போலாம்."

அப்படியா சேதி!

மூட்டையை அங்கேயே இறக்கினேன். கருகிய சட்டையை எடுத்துப் புதுச் சட்டைக்கு மேலேயே மாட்டினேன். ஒரு கை பாதிதான் இருந்தது. பஸ்ஸில் என்னோடு வந்தவர்கள் எல்லாம் ஒரே விசில்!

"இப்ப போலாமாண்ணா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே வழி விட்டார்.

நேராக ஹெச்.ஆர். ரூம்.

"என்னம்மா இது கோலம்?" என்றார் ஹெச்.ஆர். சார்.

"நீங்க பண்ண ரீசைக்கிள் சார்!"

விஷயத்தைச் சொன்னேன். மனிதர் முகம் சுருங்கிப்போனது.

"அதுல லோகோ இருக்கும்மா. வெளியாளுங்க போட்டுக்கிட்டு உள்ள வந்துட்டா? அதான் டிஸ்போஸ் பண்ணச் சொல்லிட்டோம்."

"லோகோவ மட்டும் கத்திரிச்சு எடுத்தா ஆவாதா சார்? மிஷின் தொடைக்க பனியன் வேஸ்ட்ட காசு குடுத்து வாங்குறோம். இது சொக்கமான காட்டன் சட்டை, இத வெச்சித் தொடைக்கக் கூடாதா?"

"அதுக்கு ப்ரொசீஜர் இல்லம்மா."

எரிக்க ப்ரொசீஜர் இருக்கிறது. போட்டோ எடுக்க இருக்கிறது. துடைக்க மட்டும் இல்லையாம்! பேன்ட்டுக்கு என்ன வழி என்று கேட்டேன்.

"சரி, மேல பேசுறேன். அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு லைனுக்குப் போ."

"குடுக்க மாட்டேன் சார். குடுத்தா இது மறுபடியும் என் வூட்டுக்குப் பின்னாடிதான் வரும்."

ஷிஃப்ட் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். அதற்குப் பிறகு யாரும் கழற்றச் சொல்லவில்லை.

உங்கள் கம்பெனியில் வாங்கிக்கொள்ளும் பழைய யூனிஃபார்ம் எந்த ஊர்ப் பிள்ளையின் மூச்சுக்குள் போகிறது? நாளைக்குக் கேட்பீர்களா?