பிரேக் பிடித்த நாள்

பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, பின் ஆக்சிலைக் கழற்றி, பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றி, பிரேக் ஷூ புதிதாகப் போட்டேன். எல்லாம் நானே. சாயப்பட்டறை, ஜவுளிக்கடை என்று தொட்டதையெல்லாம் பாதியில் விட்டு ஓடியவன், இதை மட்டும் கடைசி போல்ட் வரை முடித்தேன்.

முதல் ஓட்டமாக மனைவியை ஏற்றிக்கொண்டு ஆரணியிலிருந்து படவேடு கோயிலுக்குக் கிளம்பினேன். வழியில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். எந்தப் பக்கமும் இழுக்காமல் வண்டி நேராக நின்றது.

பெருமையோடு திரும்பினேன். குதிப்பதற்காகக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தாள் அவள்.

"நின்னுடுச்சு, பார்த்தியா?"

"பார்த்தேங்க. சாயப்பட்டறைகூட மொதல் நாளு நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சு."

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், "நான் பஸ்ல வரேங்க," என்றாள். எப்போதோ ஒரு பஸ் வரும் ஊர். வெயிலில் காத்திருந்து ஏறிப் போனாள்.

நான் பின்னாலேயே ஓட்டி வந்தேன். ஆக்சிலைப் பிரித்து மாட்டிவிடலாம். இத்தனை வருடமாக அவளுக்குள் நான் ஏற்றி வைத்த பயத்தை எங்கிருந்து பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் என் வண்டியும் ஒழுங்காக நின்றது. கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.