மங்களேஸ்வரி அக்கா சத்தியம் பண்ணவில்லை

ஒரு பெயரைச் சொன்னால் வேலை நிலைக்கும் என்றால், சொல்லிவிட்டால் என்ன? அன்று நான் அப்படித்தான் நினைத்தேன்.

மங்களேஸ்வரி அக்கா திருகோணமலைக் கடற்கரை மீன்வாடி ஒன்றில் பதினெட்டு வருடமாகக் கருவாடு காயவைத்தவர். பள்ளிக்கூடம் முடித்த நானும் அங்கேதான் வேலைக்குப் போனேன். ஜனாதிபதித் தேர்தல் எங்கள் ஊரையே இரண்டாக்கியிருந்தது. முடிவு வந்த மறுநாள், தன் ஆள் தோற்ற கோபத்தில் முதலாளி எங்களை வைரவர் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் கொளுத்தினார்.

"என்ர ஆளுக்குத்தான் வோட்டுப் போட்டனாங்கள் எண்டு கற்பூரத்தைக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

ஐந்து பேர் அணைத்தோம். என்னுடையது பொய்ச் சத்தியம். அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏலாது முதலாளி. உங்கட ஆளுக்குப் போட்டிருந்தாலும் சொல்லமாட்டன்."

"அப்ப இனி வேலைக்கு வராதை!"

"வைரவருக்கே சொல்லேல்லை, உங்களுக்குச் சொல்லுறதோ?"

பதினெட்டு வருட உழைப்பை ஒரு நொடியில் பறிக்க முதலாளிக்கு யார் உரிமை கொடுத்தது?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான்தான் அழுதேன். அக்கா அழவில்லை.

"முதலாளிக்குக் குடுத்த அதே பேப்பரை எனக்கும் தந்த இடம் அந்த வாக்குச்சாவடி ஒண்டுதான், பிள்ளை. அந்த மறைப்புக்குள்ள நான் ஆருக்கும் கூலியில்லை. அந்த ஒரு நிமிசத்துக்கு நான் நன்றியா இருக்க வேண்டாமோ?"

அடுத்த நாள் நானும் வாடிக்குப் போகவில்லை. இப்போது அக்காவின் முற்றத்தில், வாடியை விட்டு வந்த இன்னொருவரும் சேர்த்து நாங்கள் மூன்று பேர் கருவாடு போடுகிறோம். அடுத்த தேர்தலுக்கும் சேர்ந்தே போவோம்.

யாருக்கு வாக்களித்தாய் என்று வேலையிடத்தில் மிரட்டப்படுகிறவர் எவரையாவது தெரிந்தால், தயவுசெய்து அவருக்கு இதைச் சொல்லுங்கள்.