யாரும் ‘கட்’ சொல்லவில்லை

“என் போனுக்கு ஒரு தடவ அடிச்சுப் பாரேன்” என்றாள் திவினா அக்கா, எங்கள் வாசலில் நின்றபடி. பிப்ரவரி மாதம். அடித்தேன். அவள் கையிலேயே மணி ஒலித்தது.

“போன் நல்லாத்தான் இருக்கு” என்றாள், ஏமாந்தவள்போல.

கிறிஸ்துமஸ் விளம்பரங்கள் எடுத்து முடித்துவிட்டார்கள், ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் வரை மகளுக்கு நடிப்பு வேலை வராது, போன வருடமும் இப்படித்தானே என்றேன்.

“உனக்கென்ன, டீச்சரு. நீ சும்மா இருந்தா அதுக்கு லீவுன்னு ஒரு பேராவது இருக்கு. நாங்க சும்மா இருந்தா அதுக்கு என்ன பேரு?”

இன்னொரு முறை அடிக்கச் சொன்னாள். அடித்தேன்.

பிலிப்பைன்ஸின் மரிகினா நகரத்தில் எங்கள் சந்து முழுக்க அவள் ‘மிக்காவோட அம்மா’தான். வீட்டிலிருந்தே செருப்புக் கடைகளுக்குத் தோல் தைத்துக் கொடுப்பவள். ஏழு வயது மிக்கா கடைசியாக ஒரு கிறிஸ்துமஸ் நூடுல்ஸ் விளம்பரத்தில் வந்தவள். ஒரு தொடரில் கதாநாயகியின் மகளாகவும் நடித்தாள். கதைப்படி அமெரிக்காவில் படிக்கப் போனவளை இன்னும் யாரும் திருப்பி அழைக்கவில்லை.

மகளுக்கு வேலையில்லாத மாதங்களில் அம்மாவுக்கு வேலை அதிகம். வெயில் படக்கூடாது. முழங்காலில் சிராய்ப்பு கூடாது. ஆடுகிற பல்லை நாக்கால்கூடத் தொடக்கூடாது. மாலையில் பிரிட்ஜ் முன்னால் நிறுத்தி அழுகைப் பயிற்சி. பத்து எண்ணுவதற்குள் இடது கண்ணில் ஒரு சொட்டு வந்தாக வேண்டும். அம்மா பார்க்காத நேரத்தில் மிக்கா சந்துப் பிள்ளைகளோடு செருப்பெறிந்து விளையாடுவாள். தோற்கும்போதெல்லாம் அந்தச் சொட்டை எடுத்து விடுவாள். பாவம், எதிரணி உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

மார்ச்சில் கோயிலில் ஈஸ்டர் விடியலுக்குச் சம்மனசு வேடம் போட, தேவதையாக வர, ஒரு பிள்ளை தேவைப்பட்டது. இறக்கை கட்டி, தோரண மேடையிலிருந்து கயிற்றில் இறங்கி, மாதா சுரூபத்தின் கறுப்புத் துக்க முக்காட்டை விலக்க வேண்டும். சரியாக விலகாவிட்டால் அந்த வருடம் ஊருக்கு ஆகாது என்பார்கள். அக்கா முந்திக்கொண்டு பேர் கொடுத்தாள். அதைப் படம்பிடித்து, வேலை தரும் மேலாளருக்கு அனுப்ப வேண்டும். படம்பிடிப்பது நான்.

“பிள்ள மாசத்துக்கு மாசம் வளர்றா. அவங்க மறந்துட்டா அவ்வளவுதான்” என்றாள்.

ஈஸ்டர் அன்று மிக்கா அழகாக இறங்கினாள், பாடினாள், முக்காட்டை ஒரே இழுப்பில் எடுத்தாள். மணி அடித்தது, எல்லாரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் அந்தரத்தில் தொங்கியபடி எதற்கோ காத்திருந்தாள். பிறகு குனிந்து, மாதாவுக்கு மறுபடி முக்காடு போட்டாள்.

“இன்னொரு டேக் போலாம், ஃபாதர்.”

மணி நின்றது. கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கயிறு பிடித்தவர்கள் ஃபாதரைப் பார்த்தார்கள், ஃபாதர் அக்காவைப் பார்த்தார்.

“ஆக்‌ஷன்” என்றாள் அக்கா, கூட்டத்துக்கு நடுவிலிருந்து, சாதாரணமாக.

மிக்கா இரண்டாவது தடவையும் விலக்கினாள். இந்த முறை அக்காவே சத்தமாக “கட்” சொன்னாள். இந்த வருடம் நமக்கு இரண்டு ஈஸ்டர் என்று ஃபாதர் சிரித்தபிறகுதான் கூட்டத்துக்கு மூச்சு வந்தது.

வீடு திரும்பும்போது மிக்கா இறக்கையைக் கக்கத்தில் இடுக்கி, அரிசிப் பணியாரம் தின்றுகொண்டே கேட்டாள்: “மொத தடவ தப்பாப் பண்ணிட்டேனாம்மா?”

“யாரு சொன்னா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலியே. கிறிஸ்துமஸ் விளம்பரமும் தப்பாப் பண்ணிட்டேன்ல? அதான போனே வரல?”

அக்கா அவள் கக்கத்திலிருந்த இறக்கையை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்தாள். வீடியோவை அனுப்பிவிடவா என்று கேட்டேன். அது கிடக்கட்டும் என்றாள். அவள் கையில் போன் இல்லை.

“என் போனுக்கு ஒரு தடவ அடி. மிக்காதான் எடுப்பா. அந்த விளம்பரம் அப்பவே நல்லா வந்துருச்சு, கட் சொல்லத்தான் மறந்துட்டாங்கன்னு சொல்லு. உன் குரல்னு கண்டுபிடிச்சாலும் பரவால்ல, சொல்லு.”