மண்டபம் வேண்டாம் என்றேன்

கப்பலூர் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, செலவு செய்த கையோடு கணக்கைப் போன் ஆப்பில் பதிந்துவிடுவேன். சம்பளம் வந்ததும் ஒரு பங்கு தானாகவே மகளின் படிப்புக் கணக்குக்குப் போய்விடும். அதில் நான் கை வைப்பதே இல்லை.

மகள் பெரியவளானபோது சமயநல்லூரிலிருந்து என் அண்ணன் வந்தார். பெரிய மண்டபத்தில் சடங்கு வைக்க வேண்டும் என்றார்.

"அம்புட்டுக் காசு இல்லண்ணே."

"போன்ல சேத்து வச்சிருக்கேல்ல, அத எடு."

"அது அவ படிப்புக்கு. தொட மாட்டேன்."

"ஊர்ல என்ன பேசுவாகன்னு தெரியுமா?"

"பேசட்டும். காலேஜுக்குப் பீஸ் கட்ட அவுகளா வருவாக?"

அண்ணன் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் காபி டம்ளரை எடுத்து உள்ளே வைத்தார். நான் அண்ணனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

ஆனையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே சடங்கை முடித்து, அக்கம்பக்கத்தாருக்குச் சாப்பாடு போட்டோம். அண்ணன் வரவில்லை. தாய்மாமன் சீர் இல்லாத சடங்கு என்று சொந்தத்தில் இன்றும் குத்திக்காட்டுகிறார்கள். மகள் இந்த வருடம் காலேஜில் சேர்ந்தாள். பீஸை நான்தான் கட்டினேன். எந்த விசேஷ வீட்டிலும் நான் தலைகுனிந்து உட்காருவதில்லை.